கரையேறிய கப்பலும் கரையேறாத மனிதரும்

நூல்களைத் திறனாய்வு செய்கிறோம். நாடகத்தையும் திரைப்படத்தையும் எடைபோட்டுப் பார்க்கிறோம். காட்சியகங்களை அவ்வாறு நிறுத்துப் பார்க்கும் பழக்கம் மட்டும் நம்மிடையே இன்னும் வேரூன்றவில்லை. நுழைவுச்சீட்டு வாங்குகிறோம், வரிசையில் நகர்கிறோம், வெளியே வந்ததும் பிள்ளைகளுக்குத் தின்பண்டம் வாங்கித் தருகிறோம், அத்துடன் பார்த்ததும் முடிந்துவிடுகிறது. ஆயினும் காட்சியகமும் ஒரு நூலே. அதற்கும் ஆசிரியர் உண்டு. எங்கே தொடங்குவது, எங்கே முடிப்பது, எதைச் சொல்வது, எதைச் சொல்லாது விடுவது என்று யாரோ ஒருவர் அமர்ந்து முடிவு செய்திருக்கிறார். அந்த முடிவுகளே நம் பிள்ளைகளின் உள்ளத்தில் வரலாறாகப் பதிகின்றன. எனவே அவற்றையும் நாம் படித்துப் பார்த்து, குணமும் குற்றமும் நாட வேண்டும்.

இக்கட்டுரை எடுத்துக்கொள்வது ஒரு தனிவகைக் காட்சியகத்தை. போர்க்காலத்தில் கடலுக்கடியில் உலவிய நீர்மூழ்கிக் கப்பல்கள் பணி முடிந்து கரையேற்றப்பட்டு, மக்கள் உள்ளே நுழைந்து காணுமாறு வைக்கப்பட்டிருக்கின்றன. நம் நாட்டில் விசாகப்பட்டினக் கடற்கரையில் நிற்கும் 'குர்சுரா' அவற்றுள் பெயர் பெற்றது. அதனை மையமாக வைத்து, அதனோடு ஒப்பிடத்தக்க சிலவற்றையும் இங்கே காண்போம்.

கரிசலுக்குக் கடல் வந்த வழி

இடைசெவலில் நின்று பார்த்தால் கடல் தெரியாது. கோவில்பட்டிக்குத் தெற்கே, கண்ணுக்கெட்டிய தொலைவு வரை கரிசல். பருத்தியும் கம்பும் உளுந்தும் விளையும் மானாவாரி நிலம். தமிழ் இலக்கிய அன்பர்களுக்கு இவ்வூர் கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும் பிறந்த மண். தூத்துக்குடித் துறைமுகம் இதே மாவட்டத்தில்தான் உள்ளது என்றாலும், மழைமேகத்தை நோக்கியே வாழும் சம்சாரிக்கு அலைகடல் வேற்றூர்ச் செய்திதான்.

அத்தகைய ஊருக்குள்ளும் கடற்போர் இரு வழிகளில் வந்து சேர்ந்தது. முதலாவது, ஒரு சொல். 1914 செப்டம்பர் 22 அன்று இரவு சென்னையைக் குண்டு வீசித் தாக்கிய 'எம்டன்' என்ற ஜெர்மானியப் போர்க்கப்பலின் பெயர், தமிழில் ஆளைக் குறிக்கும் சொல்லாகவே மாறிவிட்டது. எவருக்கும் பிடிகொடாத கெட்டிக்காரனை 'அவன் பெரிய எம்டன்' என்று கரிசல்காட்டுப் பாட்டியும் சொல்வாள். அவள் அந்தக் கப்பலின் படத்தைக்கூடக் கண்டிருக்கமாட்டாள்.

இரண்டாவது, ஒரு பயணக்கதை. 1943 பிப்ரவரி 9 அன்று நேதாஜி சுபாஷ் சந்திரபோஸ் ஜெர்மனியின் கீல் துறைமுகத்திலிருந்து யு-180 என்னும் நீர்மூழ்கியில் புறப்பட்டார். ஏப்ரல் 28 அன்று மடகாஸ்கருக்கு அப்பால், நடுக்கடலில் ரப்பர்ப் படகின் வழியாக ஐ-29 என்னும் ஜப்பானிய நீர்மூழ்கிக்கு மாறினார். இந்தியத் தேசிய இராணுவத்தில் தமிழர் திரளாகச் சேர்ந்த காரணத்தால், இக்கதை நம் திண்ணைகளில் வீரகாவியமாகச் சொல்லப்பட்டது. அது தகும், அப்பயணம் துணிவின் உச்சம்.

ஆனால் அதே பயணத்தில் நிகழ்ந்த இன்னொன்றை நாம் கேட்டதில்லை. ஏப்ரல் 18 அன்று யு-180, 'கார்பிஸ்' என்ற ஆங்கிலேய எண்ணெய்க் கப்பலை மூழ்கடித்தது. அக்கப்பலில் இருந்த 60 பேரில் 50 பேர் மாண்டனர். அவர்கள் போர்வீரர்கள் அல்லர்; சரக்குக் கப்பல் மாலுமிகள். நேதாஜியின் புகழை இச்செய்தி குறைக்கவில்லை. தாக்குதலுக்கு ஆணையிட்டவர் அவர் அல்லர். நாம் எண்ணிப் பார்க்க வேண்டியது வேறு. நீரின் அடியில் இருந்தவரின் கதை நமக்கு முழுமையாக வந்து சேர்ந்தது. நீரின் மேலே இருந்தவரின் கதை வந்து சேரவில்லை. நீர்மூழ்கிக் காட்சியகங்கள் அனைத்திலும் இந்தக் குறை ஏதோ ஒரு வகையில் இருக்கிறது என்பதே நாம் இக்கட்டுரையில் சொல்ல விழைவது.

குர்சுராவின் குணங்கள்

குணம் நாடுவதே முதற்கடன். சோவியத் ஒன்றியத்தில் கட்டப்பட்ட குர்சுரா 1969 டிசம்பர் 18 அன்று இந்தியக் கடற்படையில் சேர்ந்தது. நீளம் 91 மீட்டர். உள்ளே பணியாற்றியோர் சுமார் 75 பேர். ஏற்றிச் செல்லக்கூடிய டார்பிடோக்கள் 22. 31 ஆண்டுப் பணிக்குப் பின் 2001 பிப்ரவரி 27 அன்று ஓய்வு பெற்றது. பிறகு இராமகிருஷ்ணா கடற்கரைக்கு இழுத்துவரப்பட்டு, மணலில் அடித்தளம் அமைத்து நிறுத்தப்பட்டு, 2002 ஆகஸ்டில் காட்சியகமாகத் திறக்கப்பட்டது. கடலிலிருந்து அந்தப் பெரும் இரும்புடலைக் கரைக்கு ஏற்றியதே ஒரு பொறியியல் சாதனை.

ஒரு முனையில் ஏறி, மறுமுனையில் இறங்குகிறோம். இடையே வட்டத் திறப்புகள் வழியாக, தலையையும் தோளையும் குறுக்கி, ஒவ்வோர் அறைப்பகுதியாகக் கடக்கிறோம். எவ்வளவு பெரியவரும் குனியாமல் உள்ளே போக முடியாது. டார்பிடோக்களுக்கு அருகிலேயே படுக்கைகள். ஒருவர் எழுந்தபின் அதே படுக்கையில் இன்னொருவர் உறங்கும் முறை. சுவர் எங்கும் குழாய்களும் சக்கரங்களும் அளவுமானிகளும். சிறியதோர் அடுக்களை. டீசல் இயந்திரங்கள், நீருக்கடியில் அவற்றை நிறுத்திவிட்டு ஓட்டுவதற்கான மின்கலத் தொகுதிகள். ஓய்வு பெற்ற கடற்படையினரே வழிகாட்டிகளாக நின்று விளக்குகின்றனர். தாம் வாழ்ந்த வாழ்வைத் தாமே சொல்வதால் அவர்களுடைய சொல்லில் ஏட்டு வாசனை இல்லை. நூலாசிரியனே எதிரில் நின்று தன் நூலைப் படித்துக் காட்டுவது போன்றது அது. இக்காட்சியகத்தின் தலையாய சிறப்பு இதுவே எனலாம்.

நன்னீரைப் பற்றி அவர்கள் சொல்வது கரிசல்காட்டார் நெஞ்சில் உடனே தைக்கும். சுற்றிலும் கடல், ஆனால் குளிக்க நீர் இல்லை. கொண்டுசென்ற நீர் குடிக்கவும் சமைக்கவுமே. ஒரு குடம் நீருக்காக அரைக்கல் நடந்த தாய்மாரின் பிள்ளைகளுக்கு, அளந்து அளந்து செலவிடும் அந்த வாழ்வை விளக்கச் சொல் தேவையில்லை. மழை பொய்த்த ஆண்டுகளில் பட்டாளத்துக்குப் போன நம் பிள்ளைகள், இப்படியெல்லாம் இருந்துதான் வீட்டுக்குப் பணம் அனுப்பினார்கள் என்ற உணர்வு ஏற்படுகிறது. படையினரைச் சிலையாக்கி உயரத்தில் நிறுத்தும் நினைவகங்கள் பல உண்டு. குர்சுரா அவர்களை மனிதராகக் காட்டுகிறது: உறக்கத்துக்கு ஏங்கியவர்களாக, வியர்த்தவர்களாக, வெளிச்சம் காணாது நாட்களைக் கழித்தவர்களாக. இந்த நேர்மைக்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம்.

அதன் போர்க்கால வரலாறும் ஊன்றி நோக்கத்தக்கது. 1971 நவம்பரில் அது அரபிக்கடலில் காவல் பணியில் இருந்தது. வணிகக் கப்பல்கள் செல்லும் தடங்களுக்குள் புகக்கூடாது. இலக்கு இன்னதென்று ஐயமற அறிந்த பின்னரே தாக்க வேண்டும். இவை அதற்கு விதிக்கப்பட்ட கட்டளைகள். முழு அளவிலான போர் மூண்ட வேளையில் அது பம்பாய்க்குத் திரும்பிக்கொண்டிருந்தது. அப்போரில் குர்சுரா எக்கப்பலையும் மூழ்கடிக்கவில்லை. இதனைக் குறையாக எண்ணி மெல்லிய குரலில் சொல்ல வேண்டியதில்லை. கையில் 22 டார்பிடோக்களை வைத்துக்கொண்டு கட்டளைக்குள் அடங்கி நின்றதும் படைக்கலத்தின் பெருமைதான். காட்சியகத்தின் நெஞ்சில் வைக்கத்தக்க செய்தி இது. ஆனால் வருவோரின் கண்கள் டார்பிடோக் குழாயைத்தான் தேடுகின்றன. படம் எடுத்துக்கொள்வதும் அதன் அருகேதான்.

ஒற்றைக் கண்ணின் பார்வை

இனிக் குற்றம் நாடுவோம். நீர்மூழ்கி என்பது பிறரைப் பார்க்கும்; பிறர் கண்ணில் படாது. அதன் வலிமை முழுவதும் இதில் அடங்கும். தளபதி பெரிஸ்கோப்பில் ஒற்றைக் கண்ணை வைத்துப் பார்க்கிறார். மற்றவர்கள் அதுவும் இல்லாமல், செவியால் கேட்டும் கட்டளையால் அறிந்தும் பணி செய்கின்றனர். ஒரு கப்பல் மூழ்கும்போது, மூழ்கடித்தவர்களுள் பெரும்பாலோர் அதைக் காண்பதில்லை. ஓர் அதிர்வை உணர்கிறார்கள்; அவ்வளவே.

காட்சியகமாக மாறிய பின்னும் நீர்மூழ்கி இந்தக் குணத்தை விடுவதில்லை. உள்ளே நுழையும் நாமும் அந்த எழுபத்தைந்து பேரில் ஒருவராகிவிடுகிறோம். அவர்களுடைய இட நெருக்கடி நமக்குப் புரிகிறது; அவர்களுடைய அச்சம் புரிகிறது; அவர்களுக்காக மனம் இரங்குகிறது. இரக்கம் இந்த இரும்புச் சுவருக்கு உள்ளேயே நின்றுவிடுகிறது. குழாயிலிருந்து புறப்படும் டார்பிடோ எங்கே போய்ச் சேரும், அங்கே யார் இருப்பார்கள் என்ற வினா எழுவதற்குச் சன்னல் ஒன்றும் இல்லை. கட்டடத்தில் அமைந்த காட்சியகத்துக்கு எத்தனை வாயிலும் வைக்கலாம். கப்பலே காட்சியகமாகும்போது அதன் வடிவமே ஆசிரியராகிவிடுகிறது. அது காட்டுவதை மட்டுமே நாம் காண்கிறோம்.

டார்பிடோவைக் கண்ட சிறுவனுக்கு அது பெரியதொரு பட்டாசாகத் தோன்றுவது இயல்பு. ஆனால் கோவில்பட்டி, சாத்தூர், சிவகாசி வட்டாரத்தில் பட்டாசு என்பது விளையாட்டுப் பொருள் மட்டுமன்று. அது பலருக்குச் சோறு, சிலருக்குச் சாவு. 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டியில் நேர்ந்த விபத்தில் ஏறத்தாழ 40 உயிர்கள் போயின. மருந்து வெடித்தால் மனித உடல் என்னவாகும் என்பதை எங்கள் தாய்மாருக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த அறிவோடு டார்பிடோ அறையில் நிற்பவர், வழுவழுப்பான அந்த உலோக உருளையைக் கண்டு வியப்பதோடு நின்றுவிட முடியாது. அது சென்று முட்டும் இடத்தையும் அவர் மனம் தேடும். காட்சியகம் அந்தத் தேடலுக்குக் கைகொடுக்க வேண்டும்.

ஒரே கடல், இரு துயரம்

விசாகப்பட்டினத்தில் இதற்குத் தொலைவே போக வேண்டியதில்லை. குர்சுரா நிற்கும் அதே கடற்கரையில், 1971 போரின் நினைவாக 1996-இல் எழுப்பப்பட்ட 'கடலில் வெற்றி' என்னும் நினைவுச்சின்னம் உள்ளது. அதற்கு எதிரே, சில கிலோமீட்டர் அப்பால் கடலடியில், 'காஸி' கிடக்கிறது.

காஸி பாகிஸ்தானின் நீர்மூழ்கி. 1944-இல் அமெரிக்காவில் 'டயப்லோ' என்ற பெயரில் கட்டப்பட்டு, பின்னர் பாகிஸ்தானுக்கு வழங்கப்பட்டது. நம் விமானந்தாங்கிக் கப்பலான விக்ராந்தைத் தேடி 1971 நவம்பரில் கராச்சியிலிருந்து புறப்பட்டது. விக்ராந்தோ அதற்குள் அந்தமான் பக்கம் அனுப்பப்பட்டிருந்தது. டிசம்பர் 3-க்கும் 4-க்கும் இடைப்பட்ட இரவில் விசாகப்பட்டினத்துக்கு அருகே காஸி வெடித்து மூழ்கியது. நம் 'ராஜ்புத்' கப்பல் வீசிய வெடிகளால் அழிந்தது என்பது இந்தியத் தரப்பின் கூற்று. தான் விதைத்த கண்ணிவெடியாலோ உள்ளே நேர்ந்த வெடிப்பாலோ அழிந்தது என்பது பாகிஸ்தான் தரப்பின் கூற்று. கூற்றுகள் வேறுபடலாம், எண்ணிக்கையில் வேறுபாடு இல்லை. உள்ளே இருந்த 93 பேரும் மாண்டனர்.

இப்போது மேற்குக் கடலுக்குப் போவோம். அதே போரில் டிசம்பர் 9 அன்று டையூவுக்கு அப்பால், நம் 'குக்ரி' கப்பலைப் பாகிஸ்தானின் 'ஹங்கோர்' என்ற நீர்மூழ்கி தாக்கியது. 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் உயிரிழந்தனர். தளபதி மகேந்திரநாத் முல்லா தம் கப்பலை விட்டு நீங்காமல் அதனோடு மூழ்கினார். இரண்டாம் உலகப் போருக்குப் பின் நீர்மூழ்கியால் மூழ்கடிக்கப்பட்ட முதற் போர்க்கப்பல் குக்ரிதான். அந்த ஹங்கோர் இன்று எங்கே? 2006-இல் ஓய்வு பெற்று, கராச்சியில் உள்ள கடற்படைக் காட்சியகத்தில் மக்கள் பார்வைக்கு நிற்கிறது.

ஒரு கணம் எண்ணிப் பாருங்கள், வாசக அன்பரே. கராச்சியில் ஒரு தந்தை தன் மகனைத் தோளில் தூக்கி ஹங்கோரைக் காட்டுகிறார், மகன் கைதட்டுகிறான். குக்ரியில் மாண்ட மாலுமியின் மனைவி அதைக் கண்டால் எப்படி உணர்வாள் என்பது நமக்கு உடனே விளங்குகிறது. இதே விளக்கம் விசாகப்பட்டினக் கடற்கரையிலும் நமக்கு ஏற்பட வேண்டாமா? காஸியில் போன 93 பேருக்கும் தாய் இருந்தாள். அவர்களுடைய வீடுகளுக்கு உடல் வரவில்லை. கல்லறைத் திருநாளில் மண்ணைத் துடைத்து மெழுகுவர்த்தி ஏற்றும் நமக்கு, கல்லறையே இல்லாத சாவு எத்தகையது என்பது தெரியும்.

கடலோடிகளிடம் இந்த உணர்வு இல்லாமல் இல்லை. 2024-இல் நம் கடற்படையின் மீட்புக் கலம் காஸியின் சிதைவைக் கண்டறிந்ததாகச் செய்தி வந்தது. மாண்டோருக்கு மரியாதை தரும் கடற்படை மரபுப்படி அதனைத் தொடாமல் விட்டதாகவும் அச்செய்தி கூறியது. போரிட்டவர்களே எதிரியின் கல்லறையை மதிக்கிறார்கள். அந்த மதிப்பு காட்சியகத்தின் உள்ளடக்கமாகவும் ஆக வேண்டும் என்றுதான் கேட்கிறோம்.

பிற நாடுகளின் பாடம்

இது நடைமுறைக்கு ஒவ்வாத ஆசையா? வேற்று நாடுகளைச் சற்றே நோக்குவோம்.

அமெரிக்காவின் சிகாகோ நகரில் யு-505 என்ற ஜெர்மானிய நீர்மூழ்கி உள்ளது. 1944 ஜூன் 4 அன்று தளபதி டேனியல் கேலரியின் தலைமையில் அது நடுக்கடலில் கைப்பற்றப்பட்டது. அதிலிருந்தவர்களில் ஒருவர் தவிர ஏனையோர் உயிரோடு மீட்கப்பட்டனர். போருக்குப் பின் அதனைக் குறிவைத்துச் சுட்டு மூழ்கடிக்க எண்ணியபோது, தளபதியின் உடன்பிறந்தவரும் கடற்படையின் ஆன்மகுருவுமான அருட்தந்தை ஜான் கேலரி முயன்று, அது சிகாகோ அறிவியல் காட்சியகத்துக்கு வர வழிசெய்தார். 1954-இல் அது நினைவுச்சின்னமாக அர்ப்பணிக்கப்பட்டது. ஒரு குருவின் முயற்சியால் காக்கப்பட்ட கப்பல் என்பதில் நமக்கு மகிழ்ச்சியே. ஆயினும் அந்த அர்ப்பணிப்பு அட்லாண்டிக்கில் மாண்ட அமெரிக்கரின் நினைவுக்கே செய்யப்பட்டது. எதிரியின் கப்பலே அங்கு நின்றபோதும் எதிரிக்கு இடம் கிடைக்கவில்லை.

ஜெர்மனியின் லாபோ என்ற கடற்கரை ஊரில் நிலைமை வேறு. அங்கே முதல் உலகப் போரில் மாண்ட ஜெர்மானிய மாலுமிகளுக்காக உயர்ந்த கோபுரம் எழுப்பப்பட்டிருந்தது. 1954-இல் அதன் பொருளை விரித்து, கடலில் உயிரிழந்த எல்லா நாட்டினர்க்கும் உரிய நினைவகமாக மாற்றினர். அதன் காலடியில் யு-995 என்ற நீர்மூழ்கி 1972 முதல் காட்சிக்கு நிற்கிறது. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானிய நீர்மூழ்கிகளில் சென்ற சுமார் 40,000 பேரில் ஏறத்தாழ 30,000 பேர் திரும்பவில்லை. அவர்கள் மூழ்கடித்த கப்பல்களில் மாண்டோரும் பல்லாயிரம். இரு தொகையையும் ஒரே இடத்தில் நினைக்க வைக்கிறது அந்தக் கடற்கரை. தோற்ற நாடு என்பதால் அப்பணிவு வந்தது என்று சிலர் சொல்லக்கூடும். வென்றவருக்கும் அது வரலாம் என்பதற்குச் சான்று சான்பிரான்சிஸ்கோவில் உண்டு.

அங்குக் காட்சிக்கு நிற்கும் 'பம்பானிட்டோ' என்ற அமெரிக்க நீர்மூழ்கி, 1944 செப்டம்பர் 12 அன்று 'கச்சிடோக்கி மாரு' என்ற ஜப்பானியக் கப்பலை மூழ்கடித்தது. அதே அணியில் சென்ற 'ரக்குயோ மாரு'வை இன்னொரு அமெரிக்க நீர்மூழ்கி மூழ்கடித்தது. அவ்விரு கப்பல்களிலும் ஆங்கிலேய, ஆஸ்திரேலியப் போர்க்கைதிகள் 2,000-க்கும் மேற்பட்டோர் அடைக்கப்பட்டிருந்தனர் என்பதைத் தாக்கியவர்கள் அறியவில்லை. மூன்று நாட்களுக்குப் பின் அவ்வழியே திரும்பி வந்த பம்பானிட்டோ, எண்ணெயில் தோய்ந்து மிதந்த மனிதரைக் கண்டது. 73 பேரைத் தூக்கி எடுத்துக் காத்தது. தங்களுக்கே இடம் போதாத அந்தக் கப்பலில் அவர்களைக் கிடத்திக் கரைசேர்த்தனர். இவ்வரலாறு மறைக்கப்படவில்லை, அக்கப்பலின் கதையில் தலைமையான பகுதியாகவே சொல்லப்படுகிறது. தன் தாக்குதலால் நேர்ந்ததைத் தானே கண்ட நீர்மூழ்கி அது.

அந்தக் கைதிகள் எங்கிருந்து வந்தவர்கள் தெரியுமா? சயாம்-பர்மா மரண ரயில்பாதையில் வேலை வாங்கப்பட்டு உயிர் தப்பியவர்கள். அதே பாதையில் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டு செல்லப்பட்ட தமிழர் பல்லாயிரவர் காய்ச்சலிலும் பசியிலும் மடிந்தனர். எனவே சான்பிரான்சிஸ்கோவில் நிற்கும் அக்கப்பலின் கதையில் நம் இரத்தமும் ஒரு மூலையில் கலந்திருக்கிறது. கடற்போரின் வரலாற்றில் யாரும் முழுமையாக அயலார் அல்லர்.

நம் மண்ணின் மரபு

பகைவரின் சாவுக்கு இடம் தருவது நாட்டுப்பற்றுக்குக் குறைவு என்று கருதுவோர் உண்டு. 'எங்கள் பிள்ளைகள் செத்தார்கள். அவர்களை நினைக்கவே நேரம் போதவில்லை. எதிரிக்கும் ஏன் பலகை?' என்று அவர்கள் கேட்பர். குக்ரியில் தன் மகனை இழந்த தாய் அப்படிக் கேட்டால், மறுமொழி கூறும் தகுதி நமக்கு இல்லை. அவள் காலடியில் அமர்ந்து கேட்பதே முறை. ஆனால் எவரையும் இழக்காத நாம், அவளுடைய துயரத்தைக் கடன் வாங்கிச் சினம் கொள்வது முறையாகாது.

எங்கள் வட்டாரம் இதில் ஒன்றும் அறியாததன்று. இடைசெவலுக்குத் தெற்கே சில கல் தொலைவில் உள்ள கயத்தாற்றில்தான் 1799 அக்டோபர் 16 அன்று வீரபாண்டிய கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். அவ்வழியே சென்ற எளிய மக்கள் ஆளுக்கொரு கல்லை இட்டுச் செல்ல, ஒரு கற்குவியலே நினைவுச்சின்னமாக வளர்ந்தது என்பர். பின்னாளில் நடிகர் சிவாஜி கணேசன் அவ்விடத்தை விலைக்கு வாங்கிச் சிலை நிறுவினார். பாஞ்சாலங்குறிச்சியில் 1974-இல் நினைவுக் கோட்டை எழுந்தது. அதே பாஞ்சாலங்குறிச்சிப் பக்கத்தில், அக்கோட்டையைத் தாக்க வந்து மாண்ட ஆங்கிலேயப் படையினரின் கல்லறைகளும் இருக்கின்றன. கட்டபொம்மனைத் தெய்வமாகப் போற்றும் மக்கள் அக்கல்லறைகளைப் பெயர்த்து எறியவில்லை. மழையிலும் வெயிலிலும் அவை நிற்கின்றன. ஆடு மேய்ப்பவர் அவற்றின் நிழலில் இளைப்பாறக்கூடும். எதிரியாக வந்தவனும் மண்ணுக்குள் போனபின் மண்ணுக்குச் சொந்தம் என்று எங்கள் மக்கள் விட்டுவிட்டனர். கட்டபொம்மனின் பெருமை இதனால் ஓர் இம்மியும் குறைந்துவிடவில்லை.

யோனாவும் நினிவேயும்

நீர்மூழ்கியின் வயிற்றுக்குள் நடக்கும் கிறித்தவருக்கு இறைவாக்கினர் யோனாவின் நினைவு வராமல் போகாது. மீனின் வயிற்றில் மூன்று நாள் இருந்து கரையேறியவர் அவர். அந்த மீனைப் பற்றி நாம் மறைக்கல்வி வகுப்பில் ஆர்வத்தோடு கேட்டிருக்கிறோம்; நூலின் கடைசிப் பகுதியை அவ்வளவாக நினைவில் வைப்பதில்லை. யோனா அனுப்பப்பட்ட நினிவே, அவருடைய மக்களுக்குப் பகைநகரம். அந்நகரம் அழியாமல் பிழைத்ததைக் கண்டு அவர் சினந்தார். அங்கே வலக்கை இடக்கை அறியாத மனிதர் எத்தனை பேர், கால்நடைகள் எத்தனை என்று எண்ணிச் சொல்லி, இவர்களுக்கு நான் இரங்க வேண்டாமா என்ற பொருளில் இறைவன் கேட்கும் வினாவோடு அந்நூல் முடிகிறது. யோனா விடை சொன்னதாக இல்லை. மீனின் வயிற்றிலிருந்து வெளிவருவது ஒன்று. பகைவரின் நகரத்தை மனிதர் வாழும் இடமாகக் காண்பது இன்னொன்று. முதலாவது நடந்தபின்னும் இரண்டாவது நடவாமல் போகலாம் என்பதே அச்சிறு நூலின் எச்சரிக்கை.

நீர்மூழ்கிக் காட்சியகங்கள் முதலாவதைச் செம்மையாகச் செய்கின்றன. இரண்டாவதற்கும் வழி காட்டலாம். அதற்குப் பெருஞ்செலவு ஏதும் இல்லை. குர்சுராவிலிருந்து இறங்கும் இடத்தில் கடலை நோக்கி ஒரு பலகை போதும்: இந்தத் திசையில் காஸியும் அதில் 93 பேரும் கிடக்கின்றனர், மேற்குக் கடலில் குக்ரியும் அதில் மாண்ட 194 பேரும் கிடக்கின்றனர் என்று இரண்டையும் அருகருகே எழுதிவிடலாம். கட்டளைக்குக் கட்டுப்பட்டு, எக்கப்பலையும் மூழ்கடிக்காமல் திரும்பிய குர்சுராவின் 1971 காவல்பணியை, டார்பிடோ அறையிலேயே நின்று விளக்கலாம். அந்த ஓய்வு பெற்ற மாலுமிகளிடமே, எதிரிக் கப்பலின் மாலுமியைப் பற்றி அவர்கள் என்ன நினைத்தார்கள் என்று கேட்டுப் பதிவு செய்து ஒலிக்கச் செய்யலாம். அவர்களைவிடத் தகுதியான சான்றாளர் யார்?

நம் மாநிலத்திற்கும் இதில் பங்கு உண்டு. 2010 டிசம்பரில் பணி ஓய்வு பெற்ற 'வாக்லி' என்னும் நீர்மூழ்கியை மாமல்லபுரத்தில் காட்சியகமாக வைக்கத் திட்டமிட்டார்கள். கப்பல் சென்னைத் துறைமுகம் வரை வந்தும் அத்திட்டம் கைகூடவில்லை. என்றேனும் தமிழ்நாட்டுக் கரையில் அப்படியொரு கப்பல் நிறுத்தப்படுமானால், அதன் உள்ளே 'கார்பிஸ்' மாலுமிகளுக்கும் மரண ரயில்பாதையில் மடிந்த தமிழர்க்கும் இடம் இருக்க வேண்டும். அத்தகைய காட்சியகத்தை எழுப்ப வேறெவரைக் காட்டிலும் நமக்கு உரிமை மிகுதி.

வாள்கள் ஏர்க்கொழுக்களாகும் காலத்தை இறைவாக்கினர் கனவு கண்டனர். ஏர் பிடித்த கைகளுக்கு அக்கனவின் பொருள் நன்கு தெரியும். கொழுவாக மாறும்போது வாள் தன் வடிவத்தை இழக்க வேண்டும். காட்சியகத்தில் வாள் வாளாகவே இருக்கிறது, வெட்டாமல் நிற்கிறது என்பது மட்டும் ஆறுதல். அதன் முன் நிற்கும் பிள்ளைக்கு நாம் என்ன சொல்லிக் கொடுக்கிறோம் என்பதைப் பொறுத்தே அடுத்த தலைமுறையின் கை வாளை நாடுவதும் கொழுவை நாடுவதும் அமையும். கோடை விடுமுறையில் விசாகப்பட்டினம் செல்லும் பெற்றோர் குர்சுராவைப் பிள்ளைகளுக்கு அவசியம் காட்டட்டும். இறங்கி வந்தபின் அவர்களைக் கடலைப் பார்த்து நிற்கச் செய்து, காஸியைப் பற்றியும் குக்ரியைப் பற்றியும் ஒரே மூச்சில் சொல்லட்டும். வெளியேறிய நீத்தார் அனைவர்க்காகவும் ஒரு சிறு மன்றாட்டுச் சொல்வதற்கு அங்கே எவரும் தடை செய்யப்போவதில்லை.